குழந்தையின் படம் யாருடையது? பெற்றோரின் இணையப் பகிர்வும் தனியுரிமையும்: ஓர் எளிய விளக்கம்

18 வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் தனியாக ஐந்து சென்ட் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்ற தகப்பனே ஆனாலும் அந்த நிலத்தைத் தன் விருப்பப்படி விற்றுவிட முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அவர் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும் என்கிறது. பெறாமல் விற்றால், பிள்ளை மேஜரான பின் வழக்குத் தொடுத்து அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். ‘மைனர் சொத்து’ என்ற சொல்லைக் கேட்டதுமே நிலம் வாங்க வந்தவர்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

அதே பிள்ளைக்கு வேறு உடைமைகளும் உண்டு. தன் முகம், தன் பெயர், தான் பிறந்த நாள், தன் உடல்நிலை, தான் அழுததும் விழுந்ததும் அடம்பிடித்ததும் எல்லாம் அதற்கே உரியவை. இவற்றை ஊரறியச் செய்ய எந்த நீதிமன்ற அனுமதியும் வேண்டியதில்லை; ஒரு கைப்பேசியும் அரை நிமிட நேரமும் போதும். விற்ற நிலத்தையாவது வழக்காடி மீட்கலாம், ஆனால் முகம் தெரியாத ஆயிரம் பேரின் கைப்பேசிகளுக்குப் போய்விட்ட படத்தை மீட்க வழியே கிடையாது. பிள்ளையின் நிலத்துக்குக் காப்பாளராக இருக்கும் பெற்றோர், அதன் படத்துக்கும் காப்பாளர்தானே தவிர உரிமையாளர் அல்லர் என்பதே என் எண்ணம். இந்த விளக்கம் முழுவதும் அதை ஒட்டியே செல்லும்.

பெற்றோர் தம் பிள்ளைகளின் படங்களையும் காணொளிகளையும் அன்றாடச் செய்திகளையும் சமூக ஊடகங்களில் தொடர்ந்து வெளியிடுவதை ஆங்கிலத்தில் ‘ஷேரன்டிங்’ என்கிறார்கள். பகிர்தலையும் பிள்ளை வளர்ப்பையும் குறிக்கும் இரண்டு சொற்களைப் பிணைத்து உருவாக்கிய இந்தச் சொல் 2010களில் பரவலானது, ஆனால் வழக்கம் அதற்கும் முந்தையது. ஏவிஜி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் சில, ஆஸ்திரேலியா, ஜப்பான் உள்ளிட்ட பத்து நாடுகளின் தாய்மார்களிடம் 2010இல் நடத்திய ஆய்வில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 81 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகையில் இணையத்தில் தடம் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தையின் தடம் அது பிறப்பதற்கு முன்பே, வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படத்திலிருந்தே தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2018இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு பிள்ளைக்கு 13 வயதாகும்போது அதன் பெற்றோர் சராசரியாக 1,300 படங்களையும் காணொளிகளையும் வெளியிட்டிருப்பார்கள் என்று கணக்கிட்டது. இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு பிள்ளை தனக்கென்று கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயதும் 13தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அது தானாக முதல் சொல்லை எழுதுவதற்கு முன்பே அதன் கதை பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது என்பது விளங்கும்.

இவ்வாறு பகிரும் பெற்றோரைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது நியாயமன்று. மதுரையில் இருக்கும் தாத்தா பாட்டி டொராண்டோவில் பிறந்த பேரனின் முதல் அடியைக் காண்பது இந்தக் கருவிகளால்தான். பிரசவத்துக்குப் பின் நகரத்து அடுக்குமாடி வீட்டில் பகல் முழுவதும் குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கு, ஒரு படத்தின் கீழே வரும் நாலு அன்பான சொற்கள் பெரிய ஆறுதல். தசை நார்ச் சிதைவு போன்ற அரிய நோயோடு பிறந்த குழந்தைக்கு 16 கோடி ரூபாய் மருந்து வேண்டும் என்ற நிலையில், குழந்தையின் முகத்தையும் நோயையும் பொதுவெளியில் வைத்து உதவி கேட்ட குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. உயிரைக் காக்கச் செய்த அந்த வெளிப்படுத்தலைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிகிச்சை முடிந்தபின் அந்த வேண்டுகோள்களை நீக்கிவிடுவது மட்டும் பிள்ளைக்குச் செய்யும் நன்மை என்பேன், ஏனென்றால் இருபது ஆண்டுகள் கழித்து அதன் பெயரைத் தேடும் ஒருவருக்கு முதலில் கிடைப்பது அதன் மருத்துவ வரலாறாக இருக்கவேண்டியதில்லை.

தனியுரிமை என்றால் என்ன என்பதை இங்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பலரும் அதை ஒளித்துவைத்தல் என்று புரிந்துகொண்டு, ‘குழந்தையிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். ஹெலன் நிசன்பாம் என்ற அமெரிக்க அறிஞர் 2004இல் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். ஒவ்வொரு செய்திக்கும் அது பிறந்த சூழலுக்கு ஏற்ற போக்கு ஒன்று உண்டு. அந்தப் போக்கில் செல்லும்வரை தனியுரிமை கெடுவதில்லை, அந்தச் சூழலைவிட்டு வேறொரு சூழலுக்குள் போகும்போதுதான் கெடுகிறது என்பது அவருடைய கருத்தின் சாரம். குழந்தைக்கு வலிப்பு வந்ததை மருத்துவரிடம் சொல்வது முறை, பால்வாடி ஆசிரியையிடம் சொல்வதும் முறை. அதே செய்தி பின்னாளில் அந்தப் பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தால், செய்தி மாறாவிட்டாலும் அது சென்று சேர்ந்த இடம் தவறாகிவிடுகிறது.

நம் வீடுகளுக்கு இந்த அறிவு புதிதன்று. குழந்தை பிறந்த நேரத்தையும் நட்சத்திரத்தையும் கண்டவரிடம் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் கட்டுப்படுத்துவார்கள். ஜாதகம் பீரோவுக்குள் இருக்கும், சோதிடரிடமும் சம்பந்தி வீட்டாரிடமும் மட்டுமே போகும். கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, பிறந்த சில வாரங்களுக்கு வெளியார் பார்வையிலிருந்து குழந்தையை விலக்கிவைப்பதும் அப்படித்தான். கண்ணேறு என்ற நம்பிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை கண்கள் பார்க்கலாம் என்பதற்கு அளவு ஒன்று உண்டு என்ற உணர்வு அந்தப் பழக்கத்துக்குள் இருந்தது. இன்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே பெயர், பிறந்த நாள், நேரம், எடை, மருத்துவமனையின் பெயர், பெற்றோரின் முழுப்பெயர் எல்லாம் ஒரே பதிவில் வெளியாகின்றன.

அதனால் விளையக்கூடியது என்ன என்ற கேள்விக்குப் பலர் கடத்தல்காரர்களைத்தான் முதலில் நினைக்கிறார்கள். அதைவிட அன்றாடமானதும் அதிகம் பேசப்படாததுமான தீங்கிலிருந்து நான் தொடங்குகிறேன். எங்கள் உறவில் ஒரு பையனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்தபோது அவன் வாயைப் பிளந்து அழுத படம் குடும்பக் குழுவுக்கு வந்தது. யாரோ ஓர் அண்ணன் முறையுள்ளவர் அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக வெட்டினார். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக மனமில்லை என்று சொல்ல அந்த அழுகை முகம் பொருத்தமாக இருந்ததால், அது அலுவலகக் குழுக்களுக்கும் அங்கிருந்து ஊருக்கும் போனது. அவன் இரண்டாம் வகுப்பு படித்தபோது வகுப்புத் தோழன் ஒருவன் தன் தாயின் கைப்பேசியில் அதைப் பார்த்து அடையாளம் கண்டுவிட்டான். வீட்டுக்கு வந்த பிள்ளை, “இது ஏம்மா எல்லார்கிட்டயும் இருக்கு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை, ஏனென்றால் தீய எண்ணத்தோடு அதைச் செய்தவர் ஒருவரும் இல்லை. குடும்பம் என்ற சூழலில் பிறந்த ஒரு படம், ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூழல் மாறி, அந்தப் பிள்ளையை அறியாதவர்களின் கேலிப்பொருளாகிவிட்டது.

இரண்டாவது தீங்கு, சிறு சிறு செய்திகள் ஒன்றுசேர்வதால் வருவது. பிறந்தநாள் கேக்கின் படம் தேதியைச் சொல்லும், முதல் நாள் பள்ளிச் சீருடை பள்ளியைச் சொல்லும், வாசலில் நிற்கும் வண்டியின் எண் வீட்டைச் சொல்லும், தாத்தாவுக்கு வாழ்த்துச் சொல்லும் பதிவு தாயின் பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லும். வங்கிகளும் இணையக் கணக்குகளும் ஆளை உறுதிசெய்யக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் பெரும்பாலும் இவையே. 2030ஆம் ஆண்டளவில் இளைஞர்களின் பெயரில் நடக்கும் அடையாள மோசடிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெற்றோரின் இத்தகைய பகிர்வுகளால் நேரக்கூடும் என்று பிரிட்டனின் பார்க்லேஸ் வங்கி 2018இல் எச்சரித்தது. அது கணிப்புதான், நடந்து முடிந்த கணக்கன்று. ஆயினும் எந்தத் தகவலால் எந்தக் கதவு திறக்கும் என்பதை வங்கியைவிட நன்கு அறிந்தவர் யார்?

மூன்றாவது தீங்கு செயற்கை நுண்ணறிவு வந்த பின் பெரிதாகிவிட்டது. படம் உருவாக்கும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்க, இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்களின் இணைப்புகளையும் விளக்கச் சொற்களையும் கொண்ட ‘லயான்-5பி’ என்ற தொகுப்பு பயன்படுத்தப்பட்டது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2024இல் அதன் மிகச் சிறிய துணுக்கை, அதாவது 0.0001 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியை மட்டும் ஆராய்ந்தபோதே, பிரேசில் நாட்டுக் குழந்தைகளின் 170 படங்களும் ஆஸ்திரேலியக் குழந்தைகளின் 190 படங்களும் அகப்பட்டன. சிலவற்றில் குழந்தையின் பெயரும் அது இருந்த இடமும் கூடவே இருந்தன. குடும்பத்தினர் பல ஆண்டுகளுக்கு முன் தம் சிறிய வட்டத்துக்காகப் போட்ட படங்களும், இணைப்பு தெரிந்தவர் மட்டுமே பார்க்கும்படி வைத்திருந்த காணொளியின் காட்சியும் அவற்றுள் அடக்கம். ‘எங்கள் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்ற கேள்விக்கு இனி விடை மனிதர்களோடு முடிவதில்லை. ஒரே ஒரு படத்திலிருந்து ஒரு குழந்தையின் வளர்ந்த முகத்தையும் பேச்சையும் போலியாக உருவாக்க முடியும் என்பதைக் காட்ட, டாய்ச்ச டெலிகாம் நிறுவனம் 2023இல் ஒரு விளம்பரப் படமே எடுத்தது. அதில், செயற்கையாக வளர்க்கப்பட்ட மகள் தன் பெற்றோரிடம் தன் படங்களைப் பாதுகாக்கும்படி கேட்கிறாள்.

உடல் தெரியும் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாட்டி காலில் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும் காட்சி நம் கண்ணுக்கு அன்பின் காட்சி. குழந்தைகளைத் தவறான நோக்கோடு தேடுபவர்கள் எடுத்துச் செல்வதும் அதே காட்சியைத்தான். உடையணிந்த படத்தையும் நிர்வாணமாக மாற்றும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால், குளியல், கழிப்பறைப் பயிற்சி, உடைமாற்றம் ஆகிய மூன்றையும் எந்தக் குழுவிலும், உறவினர் குழுவிலும்கூட, போடாமல் இருப்பதில் விவாதத்துக்கே இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. மஞ்சள் நீராட்டு விழாவையும் இந்த இடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பேனரில் முகத்தோடும் பெயரோடும் அச்சிட்டு, காணொளியாக்கி யூடியூபில் ஏற்றும்போது, பதினோரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உடலில் நேர்ந்த ஒரு மாற்றத்தை அவள் வகுப்பு மாணவர்கள் வரை அறிவித்துவிடுகிறோம். விழா நடத்துவதைப் பற்றி வீட்டுக்கு வீடு கருத்து மாறலாம், ஆனால் அந்தக் காணொளி பொதுவெளியில் இருக்கலாமா என்று அவளிடம் கேட்பவர் மிகச் சிலரே.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, குழந்தைக்கும் தனியுரிமை உண்டு என்கிறது. இலங்கை 1991இலும் இந்தியா 1992இலும் அதை ஏற்றன. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்தவரும் அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவருமான சஞ்சய் கிஷன் கவுல், அறியாப் பருவத்தில் இணையத்தில் பதிந்துவிட்டவற்றின் விளைவைப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் சுமக்கக்கூடாது என்று தம் தீர்ப்புரையில் எழுதினார்.

2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது என்றும் விதிக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒருவர் தம் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மேலும், குழந்தையின் சார்பில் ஒப்புதல் தரவேண்டியவராகச் சட்டம் பெற்றோரையே வைத்திருப்பதால், வெளியிடுபவரே பெற்றோராக இருக்கும்போது குழந்தைக்காகக் கேள்வி கேட்க அங்கே வேறு எவரும் இல்லை. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பரில் தடைசெய்த ஆஸ்திரேலியச் சட்டமும் பிள்ளையின் கணக்கைத்தான் தடுக்கிறது, பெற்றோர் கணக்கில் வரும் பிள்ளையின் படத்தை அன்று.

நெதர்லாந்தில் ஒரு பாட்டிக்கு நேர்ந்தது இந்த எல்லையை நன்றாகக் காட்டும். பேரக்குழந்தைகளின் படங்களை ஃபேஸ்புக்கிலிருந்தும் பின்ட்ரெஸ்டிலிருந்தும் நீக்கும்படி குழந்தைகளின் தாய் பலமுறை கேட்டும் அவர் நீக்காததால் வழக்கு நீதிமன்றம் சென்றது. படங்கள் குடும்ப வட்டத்துக்குள் மட்டும் இருந்தன என்று உறுதியாகச் சொல்ல முடியாததால், ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் வீட்டுப் பயன்பாட்டுக்குத் தரும் விலக்கு பொருந்தாது என்று கூறி, கெல்டர்லாந்து நீதிமன்றம் 2020 மே மாதம் அவற்றை நீக்க உத்தரவிட்டது; மீறினால் நாளொன்றுக்கு 50 யூரோ வீதம் 1,000 யூரோ வரை அபராதம். பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே சென்று, குழந்தையின் படத்துக்கான உரிமையைத் தாய் தந்தை இருவரும் சேர்ந்து காக்கவேண்டும் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்த முடிவில் குழந்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தன் குடிமைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

குழந்தையின் காணொளியால் பணம் வரும் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அங்கே குழந்தை வேலை செய்கிறது என்பதே உண்மை. பிரான்ஸ் 2020இலேயே 16 வயதுக்கு உட்பட்டவர்களின் இணைய வருமானத்தை அவர்கள் பெயரில் பூட்டிவைக்க வழிசெய்து, தம் காணொளிகளை நீக்கும்படி பிள்ளைகளே நேரடியாகக் கேட்கும் உரிமையையும் தந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலச் சட்டம் 2024 ஜூலையில் வருமானத்தில் பங்கு தரும் கடமையை விதித்தது. இந்தியாவிலும் குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் செய்த திருத்தம், கலைத்துறையில் ஈடுபடும் குழந்தையின் வருமானத்தில் 20 விழுக்காட்டையாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் வைப்புத்தொகையாகப் போடவேண்டும் என்கிறது. ஆனால் அது படத் தயாரிப்பாளர்களை மனதில் கொண்ட விதி. சமையலறையில் கைப்பேசியை நிறுத்திவைத்து மகளை ஆடச்சொல்லும் தாய் தம்மைத் தயாரிப்பாளராக எண்ணுவதில்லை.

நிலம், வருமானம் ஆகியவற்றில் காணும் இதே எண்ணம் ஆதாரிலும் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் விரல் ரேகையையும் கருவிழியையும் அரசு பதிவதில்லை; பெற்றோர் எடுத்துக் கொடுத்த ஆதார் எண்ணை வேண்டாம் என்று தோன்றினால், 18 வயதான ஆறு மாதங்களுக்குள் ரத்துசெய்யக் கோரும் உரிமையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பிள்ளைக்குத் தந்திருக்கிறது. பெற்றோர் எடுத்த முடிவை வளர்ந்த பிள்ளை திருத்தலாம் என்ற இந்த வாசல், படங்களுக்கு மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை. சட்டம் அதைத் திறக்கும்வரை வீட்டில் நாமே திறந்துவைக்கலாம்.

எப்படி என்பதற்கு ஒரு குடும்பம் பொதுவெளியிலேயே உதாரணம் தந்தது. விராட் கோலி, அனுஷ்கா சர்மா இணையர் 2021இல் மகள் பிறந்தபின், சமூக ஊடகம் என்றால் என்ன என்று அவளே புரிந்துகொண்டு முடிவெடுக்கும் வயது வரை அவள் முகத்தைக் காட்டுவதில்லை என்று அறிவித்தார்கள். 2022 ஜனவரியில் கேப்டவுன் மைதானத்தில் ஒளிபரப்புக் கேமரா குழந்தையின் முகத்தைக் காட்டிவிட, தங்கள் நிலைப்பாடு மாறவில்லை, அந்தப் படத்தை வெளியிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அத்தனை வெளிச்சத்தில் வாழ்பவர்களாலேயே இது முடியுமென்றால், இருநூறு பேர் பின்தொடரும் நம் பக்கங்களில் முடியாமற்போகாது.

புதிதாகப் பெற்றோரானவர்கள் பிரசவத்துக்கு முன்பே இருவரும் பேசி, யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவுசெய்துகொள்வது நல்லது. பார்க்க வரும் உறவினர்களிடம், “படம் எடுத்துக்கோங்க, ஆனா ஸ்டேட்டஸ்ல மட்டும் போடாதீங்க அத்தை” என்று முதல் நாளே சொல்வது, போட்டபின் நீக்கச் சொல்வதைவிட எளிது. பெரியவர்களிடம் தனியுரிமை என்று விளக்குவதைவிடக் கண்ணேறு என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள், அதில் பொய்யும் இல்லை. கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இருப்பிடக் குறிப்பு நீங்கிவிடும், தரம் குறையக்கூடாது என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அது படத்தோடு சேர்ந்தே போகும். பிறந்தநாள் வாழ்த்தைச் சில நாட்கள் தள்ளிப் போடுவதும், சீருடையின் பள்ளிச் சின்னம் தெரியாமல் எடுப்பதும் ஒரு நிமிட வேலைகள்.

ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் போட்டுவிட்டவர்கள் மனம் கலங்க வேண்டாம். பொதுவில் இருப்பவற்றை முதலில் ‘நண்பர்கள் மட்டும்’ என்று மாற்றிவிட்டு, பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாக நீக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவரின் படம் கூகுள் தேடலில் வந்தால் அதை நீக்கும்படி பிள்ளையோ பெற்றோரோ கோர 2021இலிருந்து வழி உண்டு. தேடலிலிருந்து மறையுமே தவிர, படம் இருக்கும் தளத்திலிருந்து நீங்காது, அதற்கு அந்தத் தளத்தைத்தான் கேட்கவேண்டும். பிள்ளைக்கு ஆறேழு வயதானதும் பழைய படங்களை அதனோடு உட்கார்ந்து பார்த்து, எது இருக்கலாம், எது வேண்டாம் என்று கேட்கலாம். எங்கள் உறவுப் பையனோடு அவன் தாய் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். அவன் நீக்கச் சொன்னவை நாற்பதுக்கு மேல். மொட்டைத் தலையோடு சிரிக்கும் ஒரு படத்தை மட்டும், தாத்தா கூட இருப்பதால், இருக்கட்டும் என்றான்.